ஸ்லிம், தின், ஸ்கின்னி: எதை யாரிடம் சொல்லலாம்?

அகராதியில் மூன்றுக்கும் 'ஒல்லியான' என்றுதான் போட்டிருக்கும். நேரில் சொல்லும்போது ஒன்று பாராட்டு, ஒன்று விசாரிப்பு, ஒன்று குத்தல்.

'ஸ்லிம்' பாராட்டு, உடல் அளவாக, பார்க்க நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். 'ஸ்லெண்டர்' இன்னும் நளினமானது, எழுத்தில்தான் அதிகம் வரும்; விரல், கழுத்து, இடை இவற்றோடு இயல்பாகச் சேரும். 'லீன்' என்றால் கொழுப்பில்லாத உறுதியான உடல். நெடுந்தூர ஓட்டக்காரருக்குக் கச்சிதமான சொல்.

'தின்' நடுநிலையான சொல்தான், ஆனால் சட்டென்று கவலைப் பக்கம் சாய்ந்துவிடும். உடம்பைக் குறைத்திருக்கும் நண்பரிடம் 'யூ லுக் தின்' என்றால், உடம்புக்கு என்ன என்று கேட்பதாகவே அவர் எடுத்துக்கொள்ளலாம். பாராட்ட வேண்டுமானால் 'ஸ்லிம்மர்' என்று சொல்லுங்கள். 'ஸ்கின்னி' பேச்சுவழக்கு, நெருங்கியவர்களிடமே கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டியது. 'ஸ்க்ரானி'யில் (scrawny) நோஞ்சான் என்ற இளக்காரம் இருக்கிறது. நோயாலோ பட்டினியாலோ கன்னம் ஒட்டிப்போன முகத்துக்கு 'கான்ட்' (gaunt). 'அண்டர்வெயிட்' மருத்துவர் சொல்: உலக சுகாதார அமைப்பின் கணக்கில், பெரியவர்களுக்கு எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ) 18.5-க்குக் கீழே போனால்.

பருமனில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 'குண்டு' என்று செல்லமாகக் கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு 'ஃபேட்' எளிதாக வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்தச் செல்லம் கிடையாது, அடி மட்டும்தான். நேரில் வேண்டவே வேண்டாம். 'சப்பி' குழந்தையின் கன்னத்துக்கு அழகு; அதையே பெரியவரிடம் சொன்னால் நெளிவார். 'பிளம்ப்' மென்மைதான், ஆனாலும் பருமனைச் சொல்லாமல் விடாது. 'ஸ்டாக்கி' வேறு வகை: குள்ளமான, அகன்ற, கட்டுமஸ்தான உடல், பெரும்பாலும் ஆண்களுக்கு. இதைக் கொழுப்போடு குழப்பக் கூடாது. 'ஓவர்வெயிட்' அதே குறியீட்டெண்ணில் 25 முதல், 'ஒபீஸ்' 30 முதல்.

அழகுக்கு வந்தால், 'ஹேண்ட்சம்' ஆணுக்கு மட்டும் என்பது தவறு. பெண்ணுக்குச் சொன்னால் கம்பீரமான, எடுப்பான தோற்றம் என்று பொருள். 'பிரிட்டி' ஆணுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. சந்தேகம் வந்தால் 'குட்-லுக்கிங்', 'அட்ராக்டிவ்' இரண்டும் இருபாலருக்கும் ஒத்துவரும். 'கார்ஜியஸ்' ஏற்கெனவே உச்சம் என்பதால் முன்னால் 'வெரி' உறுத்தும், 'அப்சொல்யூட்லி' போடுங்கள்.

உயரத்தில் யோசிக்க ஒன்றுமில்லை: மனிதருக்கு எப்போதும் 'டால்', ஒருபோதும் 'ஹை' இல்லை.