கணினி தூங்கினால் வீட்டு நெட் நின்றுபோகும்: இரண்டு வருட அனுபவம்

இந்த டெஸ்க்டாப்பை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வேகம், சத்தம், சூடு எதிலும் குறை சொல்ல மாட்டேன். மணிக்கணக்காக வீடியோ எடிட்டிங் செய்தாலும் அசராமல் ஓடுகிறது. ஆனால் முதல் ஐந்து மாதம் வீட்டு இணையத்தை இது படுத்திய பாட்டைச் சொல்லாமல் இதைப் பற்றி எழுத முடியாது. இதே தொல்லையில் மாட்டியிருப்பவர்கள் இப்போதும் சம்பந்தமில்லாத இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரவு பத்து மணி வாக்கில் திடீரென்று நெட் நிற்கும். போனில் வைஃபை கோடுகள் முழுசாக இருக்கும், ஆனால் எதுவும் திறக்காது. டிவியும் அப்படியே. ரவுட்டரை அணைத்துப் போட்டால் ஓரிரு நிமிடம் வரும், மறுபடி போகும். காலையில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். இணைய நிறுவனத்தில் இரண்டு முறை புகார் கொடுத்தேன். வந்தவர் லைனைச் சோதித்தார், ரவுட்டரையே மாற்றிக் கொடுத்தார். அவர் இருந்த நேரம் முழுக்க நெட் பறந்தது. அன்று இரவே மறுபடி நின்றது.

முடிச்சை அவிழ்த்தது என் மாமியார். அத்தை தினமும் இரவு தன் தங்கையோடு வீடியோ காலில் பேசுவார். ஒரு நாள் வந்து, "ஏம்மா, நீ அந்தக் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வந்த கொஞ்ச நேரத்துலதான் என் போன் நின்னுபோகுது. நீ வேலை செய்யுறப்ப ஒண்ணும் ஆகுறதில்ல" என்றார். நான் வேலை முடித்து எழுந்தால் இருபது நிமிடத்தில் கணினி தானாக ஸ்லீப்புக்குப் போகும். அந்த நேரமும் நெட் நிற்கும் நேரமும் ஒன்றுதான். கணினி அதிகமாக இழுத்தால் நெட் மெதுவாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தூங்கும் கணினி நெட்டை நிறுத்தும் என்று நான் யோசித்ததே இல்லை.

சோதிப்பது சுலபமாக இருந்தது. கணினியை ஸ்லீப்பில் போட்டுவிட்டு, மடிக்கணினியில் இருந்து ரவுட்டரின் 192.168.1.1 முகவரிக்கு பிங் ஓட விட்டேன், அதாவது 'இருக்கிறாயா?' என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பதில் வரும் நேரத்தை அளக்கும் சோதனை. மூன்று நான்கு நிமிடம் ஒழுங்காகப் பதில் வந்தது. அப்புறம் வரிசையாக 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்'. ரவுட்டரின் அமைப்புப் பக்கம்கூடத் திறக்கவில்லை. இதை மட்டும் நினைவில் வையுங்கள்: வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டரே பதில் சொல்லவில்லை என்றால் வெளி லைனைக் குறை சொல்லிப் பயனில்லை. ரவுட்டரின் பின்னால் போனேன். கணினிக்குப் போகும் போர்ட்டின் விளக்கு மட்டும் விடாமல் படபடத்துக்கொண்டிருந்தது. தூங்குகிற கணினிக்கு அவ்வளவு என்ன பேச்சு? முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கை அழுத்தி அந்தக் கேபிளை உருவினேன். இரண்டு மூன்று வினாடியில் பிங் பதில்கள் மளமளவென்று வர ஆரம்பித்தன. மறுபடி செருகினேன், சிறிது நேரத்தில் நின்றது. நான்கு முறை செய்து பார்த்த பிறகுதான் நம்பினேன்.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஈத்தர்நெட் என்ற கேபிள்வழி இணைப்பில் இருக்கும் ஃப்ளோ கன்ட்ரோல் என்ற வசதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1997-இல் 802.3எக்ஸ் என்ற தரத்தில் வந்தது. வரும் தரவை வாங்கி முடிக்க முடியாதபடி ஒரு கருவி திணறினால், எதிர்முனைக்கு 'பாஸ் ஃபிரேம்' என்ற சின்னச் செய்தி அனுப்பி 'கொஞ்சம் நில்' என்று சொல்லலாம். ஒரு செய்தியில் அதிகபட்சம் எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்பது இணைப்பின் வேகத்தைப் பொறுத்தது: கிகாபிட்டில் 33 மில்லிசெகண்ட் சொச்சம், 10 மெகாபிட்டில் 3.3 வினாடிக்கும் மேல். ஸ்லீப்பில் பல நெட்வொர்க் கார்டுகள் மின்சாரம் மிச்சம் பிடிக்க 10 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கணினி தூங்கினாலும், தன்னை எழுப்பும் செய்திக்காக நெட்வொர்க் கார்டு விழித்திருக்கும். வீட்டில் எல்லாக் கருவிகளும் பொதுவாக அனுப்பும் பிராட்காஸ்ட் செய்திகள் அதற்கும் வரும். அவற்றை எடுத்துக் காலி செய்ய விண்டோஸ் விழித்திருக்காது. கார்டின் சின்ன நினைவகம் நிரம்பியதும், சில கார்டுகள் கோளாறாக 'நில், நில்' என்று நிறுத்தாமல் அனுப்பத் தொடங்கிவிடும். ரவுட்டருக்குள் போர்ட்டுகளுக்கிடையே தரவைப் பிரித்து அனுப்பும் பகுதியான ஸ்விட்ச் அதை மதித்து அந்தப் போர்ட்டுக்கு அனுப்ப வேண்டியதைத் தேக்கி வைக்கும். எல்லாப் போர்ட்டுக்கும் பொதுவான நினைவகம் அதிலேயே நிறைந்துவிட்டால் மற்றவர்களுக்கும் இடம் இருக்காது. அப்புறம் வைஃபை உட்பட வீடே நின்றுவிடும்.

நெட்வொர்க்கில் போய்வருவதைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்பது பிறகுதான் புரிந்தது. பாஸ் ஃபிரேமை வாங்கும் கார்டு பொதுவாகத் தன்னோடே வைத்துக்கொள்ளும், மென்பொருள் வரை விடாது. கடைசியில் அமைப்புகளை மாற்றக்கூடிய சிறிய மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்றைக் கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் வைத்தேன். போர்ட்டுக்குப் போர்ட் எத்தனை பாஸ் ஃபிரேம் வந்தது என்று அது கணக்குக் காட்டும். கணினி விழித்திருக்கும்வரை பூஜ்யம். தூங்கிய சில நிமிடத்தில் அந்த எண் நூறு நூறாக ஏறியது. ஐந்து மாதத் தவிப்புக்குப் பிறகு அந்த எண்ணைப் பார்த்தபோது நிஜமாகவே நிம்மதியாக இருந்தது.

சரி, தீர்வு. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து, அட்வான்ஸ்டு பகுதியில் ஃப்ளோ கன்ட்ரோலை டிஸேபிள்டு ஆக்கினேன். தொல்லை குறைந்தது, முழுதாகப் போகவில்லை. அதே இடத்தில் தூங்கும் கணினியை நெட்வொர்க் வழியாக எழுப்பும் வேக் ஆன் லேன் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அணைத்தேன், விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் அமைப்பிலும் அணைத்தேன். தூங்கும்போது கார்டுக்கு மின்சாரமே போகாது என்றானதும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. தூரத்தில் இருந்து கணினியை எழுப்ப வேண்டியவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் முதலில் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்துப் பார்க்கலாம், இல்லையென்றால் என்னைப் போல நடுவில் ஸ்விட்ச் வைத்து அந்தப் போர்ட்டில் மட்டும் ஃப்ளோ கன்ட்ரோலை அணைக்கலாம்.

ஒரு வருடம் கழித்து வேறு ஒரு தொல்லை. இந்த முறை கணினி விழித்திருக்கும்போது எல்லோருக்கும் நெட் இழுத்தது. ரவுட்டர் தாண்டிய பிங் 15 மில்லிசெகண்டில் இருந்து 800-க்கு ஏறியது. ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து 'சென்ட்' பத்தியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: எடிட் செய்த வீடியோக்களை கிளவுட் பேக்கப் மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. மேலேற்றும் பாதை அடைபட்டால் கீழிறக்கமும் படுத்துவிடும், ஏனென்றால் 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகைகள் போவதும் அதே பாதையில்தான். பேக்கப் செயலியில் அப்லோடு வேகத்துக்கு வரம்பு போட்டேன், அதோடு முடிந்தது. ரவுட்டரில் எஸ்கியூஎம் (SQM) என்ற, தரவு வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல் முறையை அடிப்படையாகக் கொண்ட வழிகள் அதில் இருக்கும். வரிசையில் தரவுப் பொட்டலங்கள் தேங்கிக் கிடப்பதை அது நன்றாகவே குறைக்கிறது.

இதே கணினியை மறுபடி வாங்குவேனா என்று கேட்டால், வாங்குவேன். போர்டில் ஒட்டியே வரும் நெட்வொர்க் சிப் எது என்று மட்டும் முதலில் பார்ப்பேன். விமர்சனங்களில் பிராசஸருக்கும் கிராஃபிக்ஸுக்கும் பத்துப் பக்கம் ஒதுக்குகிறார்கள், அந்தச் சிப்புக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

போன மாதம் நெட்வொர்க் டிரைவர் தானாக அப்டேட் ஆகி, அட்வான்ஸ்டு பகுதியில் நான் மாற்றியதெல்லாம் பழையபடி எனேபிள்டு ஆகியிருந்தது. பயாஸ் அமைப்பு அப்படியே இருந்ததால் நெட் நிற்கவில்லை. ஆனாலும் இப்போது ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். இரவு பத்து மணிக்கு அத்தையிடமும், "லைன் வருதா அத்தை?" என்று கேட்டுக்கொள்கிறேன்.