கோத்தகிரி ஈரத்தில் ஒரு பழைய பர்னோ: ஏழு வருட அனுபவம்

ஐம்பது மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டின் துளை வளையக் கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், 5.6 மி.மீ. குண்டின் மையம் இலக்கின் நடுவிலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். ஆக, மேசையில் மணல் மூட்டை மேல் வைத்துச் சுடும்போது ஒரு துப்பாக்கியின் குண்டு மையங்கள் 16 மி.மீ. வட்டத்துக்குள் அடங்க வேண்டும். இந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு வருடமாக என் பர்னோ மாடல் 2 என்ற பழைய .22 ரைஃபிளைச் சீர்செய்து வருகிறேன். கையில் இருப்பதற்குச் செலவு செய்வதா, லட்சங்களைப் போட்டு ஆன்ஷுட்ஸ் போல ஒரு ஜெர்மன் போட்டித் துப்பாக்கியை வாங்குவதா என்று குழம்பி நிற்பவர்களுக்கு என் கணக்கு உதவலாம்.

துப்பாக்கி பெரியப்பாவுடையது. கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் மேலாளராக இருந்தவர். அவர் காலமான பிறகு வாரிசு என்ற முறையில் உரிமம் என் பெயருக்கு மாறியது. செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த .22, எடை மூன்று கிலோவுக்கும் குறைவு, தோளில் வைத்துப் பிடிக்க அழகான வால்நட் கட்டை. மாதம் இரண்டு சனிக்கிழமை மேட்டுப்பாளையம் வழியாக இறங்கிக் கோவையில் சுடுவேன். முதல் வருடம் பத்துப் பத்துக் குண்டாகச் சுட்டு, அவை விழுந்த கூட்டத்தின் அகலத்தை அளந்து சராசரி எடுத்தேன். 34 மி.மீ. வந்தது. எனக்கு வேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்போது நான் படித்ததெல்லாம் அமெரிக்கர்கள் ரெமிங்டன் 700-ஐச் சீர்செய்யும் விதம். 1962-ல் வந்த துப்பாக்கி அது. தோட்டாவை ஏற்றிப் பூட்டிச் சுடும் உலோகப் பகுதிதான் ஆக்‌ஷன்; அதற்குள் முன்பின் நகர்வது போல்ட். உருளையான ஆக்‌ஷன் என்பதால் கடைசல் இயந்திரத்தில் பிடித்து வேலை செய்ய வசதி. ஆக்‌ஷனின் முகப்பைப் பேரல் அச்சுக்குச் செங்குத்தாகக் கடைவார்கள். மரையைத் திரும்ப வெட்டுவார்கள். சுடும்போது போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் இரண்டு காதுகளும் சமமாக உட்காரும்வரை தேய்ப்பார்கள். இத்தனை செலவு செய்வதற்குப் பதில் முதலிலேயே நேராகக் கடைந்து வரும் ஸ்டோல், பாட் போன்ற கஸ்டம் ஆக்‌ஷனை வாங்கிவிடலாமே என்ற வாதமும் அங்கே பழையதுதான். நானும் என் போல்ட்டைத் தேய்த்துத் தரச் சொல்லி, உரிமம் வைத்துத் துப்பாக்கி பழுதுபார்க்கும் பாய் ஒருவரிடம் போனேன்.

அவர் போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, இரும்புல கை வெக்க வேண்டாம். உங்களை ஏமாத்துறது மரம்" என்றார்.

அன்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தால் அவர் சொன்னதற்குக் காரணம் தெளிவாகவே இருக்கிறது. .308 போன்ற பெரிய தோட்டாவில் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை அனுமதி; .22-க்கு 24,000 தான். பெரிய தோட்டாவின் அழுத்தத்தில் ஒரு காது மட்டும் உட்கார்ந்திருந்தால் ஆக்‌ஷன் நெளியும், குண்டு விலகும். .22-ல் அதன் பாதிப்பு மிகக் குறைவு. போதாததற்குப் பர்னோவில் பூட்டு பின்பக்கம்; முன்னால் தேய்க்கக் காதே இல்லை. பெரிய தோட்டாக்காரர்களின் வைத்தியத்தை நம் .22-க்கு அப்படியே போடக் கூடாது. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

மரத்துக்கு வருகிறேன். விஷயமே இங்கேதான். மரம் நார் போகும் திசையில் அசையாது, குறுக்கே நன்றாக உப்பும், சுருங்கும். கோத்தகிரி மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் அலமாரிக் கதவே இறுகிக்கொள்ளும். அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு 1,800 மீட்டர் உயரத்திலிருந்து 400 மீட்டருக்கு இறங்கினால், கோவையின் வறண்ட வெக்கையில் அது மெல்லச் சுருங்கும். ஆக்‌ஷனைக் கட்டையோடு பிடித்திருக்கும் ஸ்குருவின் இறுக்கம் அதோடு சேர்ந்து மாறும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வாங்கி ஒரு மழைக்காலம் முழுக்கக் குறித்து வைத்தேன். வீட்டில் 2 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கிய ஸ்குரு, மறுநாள் சுடுதளத்தில் கையாலேயே கால் சுற்று போகும். காலையில் சுட்ட கூட்டமும் மதியம் சுட்டதும் வேறு வேறு இடத்தில் விழும். அதுவரை அதை என் மூச்சுக் கோளாறு என்றே நினைத்து வந்திருக்கிறேன்.

பாய் செய்தது இவ்வளவுதான். ஸ்குருத் துளைகளை அகலமாக்கி அலுமினியக் குழாய்களைத் தூண் போல் நட்டார். ஆக்‌ஷனுக்கு மெழுகு பூசி, கட்டைக்குள் எபாக்ஸி ஊற்றி அதன் மேல் உட்கார வைத்தார். இறுகியதும் ஆக்‌ஷனின் வடிவம் அச்சாக விழுந்துவிட்டது. இனி ஸ்குரு இறுகுவது உலோகத்தோடு, மரத்தோடு அல்ல. பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே பத்து ரூபாய் நோட்டு தடையில்லாமல் ஓடும் அளவுக்குச் சுரண்டி, ஈரம் புகாமல் உட்பக்கம் முழுக்க வார்னிஷ் அடித்தார். கூட்டம் 23 மி.மீ.க்கு வந்தது. அதைவிட முக்கியம், காலையும் மதியமும் ஒரே இடத்தில் விழுந்தன. அடுத்த கார்த்திகையிலும் விழுந்தன. அன்று திரும்பி வரும்போது அரவேனுவில் நிறுத்தி டீ குடித்தபடி அந்த இலக்கு அட்டையைப் பெரியப்பாவின் மகனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. குளிர்ந்த இரும்பைக் கோவை வெக்கையில் உடனே உறையிலிருந்து எடுக்காதீர்கள், பனித்துளி கோத்துக்கொள்ளும். உறையோடு முக்கால் மணி நேரம் நிழலில் வைத்துவிட்டு எடுங்கள்.

ட்ரிகர் கதை வேறு. என் துப்பாக்கியில் அது ஒன்றரைக் கிலோ இழுவை. இழுத்துக்கொண்டே போனால் எப்போது உடையும் என்று தெரியாது. பாய் உரசும் இடத்தைப் பளபளப்பாக்கி, மெலிந்த ஸ்பிரிங் போட்டு 700 கிராமுக்குக் கொண்டுவந்தார். அதற்குக் கீழே போனால் பத்திரமில்லை என்று மறுத்துவிட்டார். அவர் மறுத்ததற்கு இன்றும் நன்றி சொல்வேன். மணல் மூட்டை மேல் கூட்டம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. ஆனால் படுத்த நிலையில் 60 குண்டுக்கு, அதாவது 600-க்கு, 560-ஐச் சுற்றி இருந்த என் புள்ளி, நான்கு மாதத்தில் 575 தாண்டியது. துப்பாக்கி சரியாக இருந்தும் கை கெடுத்துக்கொண்டிருந்த இடம் அது. ஏழு வருடத்தில் நான் செலவழித்த பணத்தில் இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

பேரல் வாயில் பழைய காயம் ஒன்று இருந்தது, வாய்ப்பக்கமிருந்து கம்பி விட்டே துடைத்துத் துடைத்து வந்த தேய்மானம். அதைக் கடைந்து புதுப்பித்ததும் கூட்டம் 20 மி.மீ.க்கு வந்தது. தோட்டாவின் விளிம்புக்கு விட்டிருக்கும் இடைவெளியையும் அளந்தோம், சரியாக இருந்ததால் தொடவில்லை.

மிச்சம் தோட்டா. ஒரே பெயர், ஒரே விலை, ஆனால் லாட் எண் (ஒரே தடவையில் செய்த தொகுதியின் எண்) மாறினால் குணமும் மாறும். கிடைக்கும் லாட்களில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, ஒத்துப்போகும் லாட்டில் வருடத்துக்கு வேண்டியதை எடுத்து வைக்கிறேன். பிராண்டை மாற்றினால் முதல் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். பேரலுக்குள் பழைய மெழுகு போய்ப் புதுசு படிய அவ்வளவு ஆகும். நல்ல லாட்டில் என் பர்னோ இப்போது 16, 17 மி.மீ. தருகிறது. பாயின் கூலி, டார்க் ரெஞ்ச், துளை வழியே குறிபார்க்கப் பின்னால் பொருத்திய பீப் சைட், எடை கூட்டக் கட்டைக்குள் வைத்த ஈயம் எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்துக்குள் முடிந்தது.

இனி மறுபக்கம். மூன்று வருடம் முன்பு ஒரு சீசன் முழுக்கக் கிளப்பின் ஆன்ஷுட்ஸில் சுட்டேன். ஜெர்மனியின் உல்ம் நகரில் செய்யும் 54 ஆக்‌ஷன். அதே தோட்டாவில் 11 மி.மீ. என்ன தேய்த்தாலும் என் பர்னோ அந்த இடத்துக்கு வராது. அதில் தோட்டா உட்காரும் சேம்பரும் பேரலும் பிறப்பிலேயே வேறு. நூறு கிராமில் உடையும் ட்ரிகர், விரல் நினைத்த கணத்தில் சுடுகிறது. பர்னோவைப்போல் இரண்டு மடங்கு எடை. கன்னமும் தோளும் கையும் எங்கே வேண்டுமோ அங்கே நகர்த்திப் பூட்டிக்கொள்ளும் கட்டை. என் புள்ளி 588 வரை போனது. தசமப் புள்ளி எண்ணும் போட்டியில் 0.1 என்பது வெறும் 0.8 மி.மீ. அங்கே 16-க்கும் 11-க்கும் நடுவே இருக்கும் தூரம் தரவரிசையில் பல இடங்கள். பாரிஸில் 2024-ல் ஸ்வப்னில் குசாலே மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கிய வழியில் போக ஆசைப்படும் பிள்ளைகளுக்குப் பழைய துப்பாக்கியைச் சீர்செய்யும் வேலையே வேண்டாம். கிளப் துப்பாக்கியில் பழகி, மாநில அளவில் புள்ளி காட்டி, இறக்குமதி அனுமதிக்கு விண்ணப்பிப்பதுதான் நேர்வழி. அதுவும் எளிதில்லை. காகிதங்கள், சுங்கம், காத்திருப்பு எல்லாவற்றையும் கணக்கில் வையுங்கள். தேர்தல் வரும்போது ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்வார்கள். விளையாட்டு வீரர் என்ற விலக்குக்கான கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைக்காவிட்டால் இரண்டு மாதப் பயிற்சி போய்விடும். எனக்கு ஒரு முறை போயிருக்கிறது.

மாவட்ட அளவில் சுடுகிறவருக்கும், என் போல் வீட்டில் ஏற்கெனவே உரிமத்தோடு ஒரு நல்ல .22 வைத்திருப்பவருக்கும் என் பதில் வேறு. முதலில் அளவெடுங்கள். பிறகு கட்டை, ட்ரிகர், பேரல் வாய், தோட்டா என்ற வரிசையில் போங்கள். ஆக்‌ஷனைக் கடைவதற்கென்று எடுத்து வைத்த பணத்தைத் தோட்டாவுக்குப் போடுங்கள். 16 மி.மீ. வந்ததும் செலவை நிறுத்திவிட்டுச் சுடுங்கள். அதற்கு மேல் குறைய வேண்டியது என்னைப் பொறுத்தவரை என் பிடியின் ஆட்டம்தான், அது இன்னும் 16-ஐ விடப் பெரிது.

சீசன் முடிந்து பர்னோவுக்கே திரும்பிய முதல் நாள் 581 சுட்டேன். ஆன்ஷுட்ஸ் கற்றுக்கொடுத்த ட்ரிகர் பழக்கம் கையில் தங்கியிருந்தது. இந்த ஐப்பசிக்குப் புது லாட் தேட வேண்டும், பழையதில் நான்கு பெட்டிதான் மிச்சம். நேற்று ராத்திரி மழைக்குப் பிறகு ஸ்குருவை அளந்தேன்: 2 நியூட்டன் மீட்டர், வைத்தது வைத்தபடி இருக்கிறது.