எச்3, பெர்லின், பி7 பிஷப்: எந்த அதிர்ச்சி தேறியது?

2023 ஏப்ரல், கஜகஸ்தானின் அஸ்தானா நகரம். உலக செஸ் சாம்பியன் பட்டப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில் டிங் லிரன் வெள்ளைக் காய்களுடன் அமர்ந்திருக்கிறார். முதல் மூன்று நகர்வுகள் கண்ணை மூடிக்கொண்டு ஆடக்கூடியவை: டி4, சி4, குதிரை எஃப்3 (எழுத்து பலகையின் நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை). நான்காவதாக அவர் ராஜா பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி எச்3-இல் வைத்தார். எதிராளி நெப்போம்னியாச்சியின் சிப்பாய் டி5-இல் வந்து நிற்கிறது. வெள்ளையின் பிஷப்புகள் இரண்டும் இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. இந்த நேரத்தில் ஓரச் சிப்பாயைத் தொடும் மாணவனை எந்தப் பயிற்சியாளரும் திட்டுவார். ஒளிபரப்பில் பலகையைத் தவறாகக் காட்டுகிறார்களோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

29 நகர்வுகளில் டிங் தோற்றார்.

அந்த ஒரு தோல்வியை வைத்துப் புதுமையே வேண்டாத வேலை என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் இதே மேடையில் தொடக்க நகர்வுகளிலேயே எதிராளியைத் திகைக்க வைத்த இரண்டு முயற்சிகள் பட்டம் யாருக்கு என்பதையே தீர்மானித்திருக்கின்றன. ஒன்று, 2000-இல் லண்டனில் காஸ்பரோவுக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் கிராம்னிக் எடுத்த பெர்லின் தற்காப்பு. மற்றொன்று, 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் அதே கிராம்னிக்குக்கு, மெரான் என்ற தொடக்கப் பாதையில் ஆனந்த் வைத்த வெடி. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எச்3 எங்கே சறுக்கியது என்பது புரிகிறது.

பெர்லினைப் புதுமை என்று சொல்வதே கொஞ்சம் விநோதம். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆடப்பட்ட பழைய தற்காப்பு அது. எட்டாவது நகர்வில் ராணிகள் இரண்டும் வெட்டுப்பட்டுப் போகின்றன. கறுப்பு ராஜா டி8-க்கு இழுக்கப்பட்டு, காஸ்லிங் செய்யும் உரிமையை, அதாவது யானையோடு சேர்ந்து ஒரே நகர்வில் பாதுகாப்பான பக்கம் ஒதுங்கும் உரிமையை இழக்கிறது. சி வரிசையில் கறுப்புச் சிப்பாய்கள் ஒன்றன் பின் ஒன்றாக மாட்டிக்கொள்கின்றன. புத்தகக் கணக்கில் வெள்ளையின் கை ஓங்கியிருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் எடுத்தார்? 1985 முதல் பட்டத்தை வைத்திருந்த காஸ்பரோவின் பலமெல்லாம் ராணிகள் பலகையில் இருக்கும்போது எழும் புயலில்தான். தொடக்கத் தயாரிப்பில் அவரை மிஞ்ச அன்று ஆளில்லை. அந்த ஆயுதக் கிடங்கைத் திறக்கவே விடாமல் கதவைச் சாத்தியது பெர்லின். இரண்டு பிஷப்புகளும் கையில் இருக்க, உடைத்து உள்ளே புகுவதற்கு ஓர் ஓட்டை கூட இல்லாத நிலை கறுப்புக்கு. 1, 3, 9, 13 ஆகிய நான்கு ஆட்டங்களில் பெர்லின் வந்தது, நான்குமே டிரா. இடையில் காஸ்பரோவ் முதல் நகர்வையே மாற்றி சி4 பக்கம் ஒதுங்கிப் பார்த்தார், அங்கும் பலனில்லை. 16 ஆட்டங்களுக்குத் திட்டமிட்ட போட்டி 15-லேயே முடிந்தது. கிராம்னிக்குக்கு 8.5, காஸ்பரோவுக்கு 6.5. காஸ்பரோவ் ஓர் ஆட்டம் கூட வெல்லவில்லை.

கவனித்தால், பெர்லின் கிராம்னிக்குக்கு ஒரு வெற்றியையும் தரவில்லை. அவருடைய இரண்டு வெற்றிகளும், அதாவது இரண்டாவது, பத்தாவது ஆட்டங்கள், வெள்ளைக் காய்களுடன் வந்தவை. பூட்டு ஒரு கையில், சுத்தியல் மறு கையில்.

ஆனந்தின் வழி இதற்கு நேரெதிர். பானில் மூன்றாவது ஆட்டம். கறுப்புக் காய்களுடன் அவர் அரை-ஸ்லாவ் என்ற தொடக்கத்தின் மெரான் பாதைக்குள் போனார். பல்லாண்டுகளாக அலசப்பட்ட பாதை அது. 14-ஆவது நகர்வில் பிஷப்பை பி7-இல் வைத்தார். பி5-இல் இருக்கும் சிப்பாயை வெள்ளை பிஷப் வெட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ராஜா இன்னும் நடுப் பலகையில், ஒரு சிப்பாய் கையை விட்டுப் போகிறது. ஆனால் பி7 பிஷப் நீண்ட மூலைவிட்டத்தில் வெள்ளை ராஜாவின் வாசலை, அதாவது ஜி2-ஐக் குறிவைக்கிறது. ஜி வரிசை ஏற்கெனவே திறந்து கிடப்பதால் யானை ஜி8-க்கு வந்து சேர்கிறது. அந்த ஆட்டத்தை ஆனந்த் வென்றார்.

ஐந்தாவது ஆட்டத்தில் கிராம்னிக் அதே நிலைக்குத் திரும்பி வந்தார். ஓட்டையை அடைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் வந்திருக்க வேண்டும். பெருமையா, பிடிவாதமா என்று இன்றும் எனக்குத் தீர்மானமில்லை. ஆனந்த் 15-ஆவது நகர்விலேயே பாதையை மாற்றி யானையை உடனே ஜி8-க்குக் கொண்டு போனார். 29-ஆவது நகர்வில் கிராம்னிக் டி4 சிப்பாயைக் குதிரையால் வெட்டித் தவறு செய்தார், ஆட்டம் 35-இல் முடிந்தது. கறுப்பில் இரண்டு வெற்றிகள்! உலகப் பட்டப் போட்டியில் கறுப்பில் ஒன்று கிடைப்பதே பெரும்பாடு. போதாததற்கு, வாழ்நாளெல்லாம் முதல் நகர்வாக இ4 ஆடி வந்த ஆனந்த் அந்தப் போட்டியில் டி4-ஐ எடுத்திருந்தார், அதில் ஆறாவது ஆட்டத்தையும் வென்றார். நீல்சன், காசிம்ஜானோவ், வோய்டாசெக், நம் கங்குலி என்று நால்வர் உடனிருந்து உழைத்த தயாரிப்பு அது. முடிவு 6.5-4.5.

இப்போது எச்3-க்கு வருவோம். அந்த நகர்வில் அர்த்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கறுப்புக் காய்கள் ஜி4-க்கு வருவதைத் தடுக்கிறது, பின்னால் ஜி-சிப்பாயை முன்னே தள்ளவும் கைகொடுக்கிறது. முக்கியமாக, எதிராளியின் கணினிக் கோப்புகளை ஒரே நொடியில் பயனற்றதாக்குகிறது. டிங்கின் உதவியாளராக இருந்தவர் ரிச்சர்ட் ராப்போர்ட், யாரும் போகாத சந்துகளில் நடப்பதற்கே பெயர் பெற்றவர். அவருடைய வாசனை இந்த நகர்வில் அடிக்கிறது.

நெப்போம்னியாச்சி என்ன செய்தார்? சி4 சிப்பாயை வெட்டினார், சி5 தள்ளினார், ஏ6 வைத்தார். அவ்வளவுதான். ஏழாவது நகர்வில் டிங் காஸ்லிங் செய்தபோது பலகையில் இருந்தது, ஊரறிந்த 'ஏற்கப்பட்ட ராணி கேம்பிட்', அதாவது வெள்ளை நீட்டும் சி4 சிப்பாயைக் கறுப்பு வெட்டிக்கொள்ளும் தொடக்கம். அந்தத் தொடக்கத்தில் அந்தக் கட்டத்தில் வெள்ளை வழக்கமாக ஒரு பயனுள்ள நகர்வைச் செய்யும். இங்கே அதை எச்3-க்குச் செலவழித்தாகிவிட்டது. புதிய ஊருக்கு அழைத்துப் போகிறேன் என்று கூட்டிப்போய், பழைய ஊரிலேயே, அதுவும் கையில் ஒரு காசு குறைவாக இறக்கிவிட்ட கதை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பானின் பலகையோடு ஒட்டிப் பாருங்கள். கறுப்பு பிஷப் பி7-இல். எஃப்6-இல் குதிரைகள் வெட்டுப்பட்டு, ஜி வரிசை திறக்கிறது. 15-ஆவது நகர்வில் யானை ஜி8-இல். ஆனந்த் கிராம்னிக்கின் ராஜாவை நோக்கி நிறுத்திய அதே பிஷப், அதே யானை, அதே திறந்த வரிசை! பானில் கறுப்பு இதற்கு ஒரு சிப்பாயை விலையாகக் கொடுத்தது. அஸ்தானாவில் கிட்டத்தட்ட இனாமாகவே கிடைத்தது. 20-ஆவது நகர்வில் நெப்போம்னியாச்சி ஜி5-இல் இருந்த பிஷப்பை யானையால் வெட்டி, யானையையே பலி கொடுத்தார். டிங்கின் ஆட்டம் அங்கே குலைந்தது.

ஆக, மூன்றில் எது மேல்? எதிராளிக்கு ஏற்ற தையல் என்று பார்த்தால் பெர்லின். காஸ்பரோவுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. பானின் மெரானும் கிராம்னிக் நிச்சயம் வருவார் என்று தெரிந்த தெருவில் வைத்த கண்ணி. எச்3 யாருக்காக வைக்கப்பட்டது என்று எனக்குப் புரியவில்லை. நெப்போம்னியாச்சி வேகமாக ஆடக்கூடியவர், திறந்த நிலைகளில் உள்ளுணர்வால் காய்களைச் சரியான கட்டத்தில் வைப்பவர். தெரியாத நிலைக்கு இழுத்தால் தடுமாறும் ஆள் இல்லை.

அதைவிடப் பெரிய வேறுபாடு ஆழத்தில் இருக்கிறது. ஆனந்த் 14-ஆவது நகர்வில் புதுமையை வைத்தபோது, அடுத்து வரப்போவதை அவருடைய குழு வீட்டில் அரைத்து வைத்திருந்தது. திகைத்தவர் ஒருவர் மட்டும். நான்காவது நகர்விலேயே பாதை மாறினால் கிளைகள் பெருகிவிடுகின்றன. எந்தக் குழுவாலும் எல்லாவற்றையும் அரைத்துவிட முடியாது. அஸ்தானாவில் திகைப்பு இருவருக்கும் பங்கானது.

ஆயுளில் பெர்லினை அடித்துக்கொள்ள எதுவுமில்லை. 13 ஆண்டுகள் கழித்து, 2013-இல் சென்னையிலேயே கார்ல்சன் அதை ஆனந்துக்கு எதிராக எடுத்தார், ஆறாவது ஆட்டத்தில் அதிலிருந்து ஒரு வெற்றியையும் கறந்தார். 2014-இல் சோச்சியில் ஆனந்தே கறுப்பில் பெர்லின் ஆடி, பதினோராவது ஆட்டத்தில் தோற்றுப் பட்ட வாய்ப்பை இழந்தார். மெரான் வெடி இரண்டு முறை வெடித்ததோடு சரி. அந்தப் போட்டியில் மூன்றாம் முறை அந்த நிலை பலகைக்கு வரவே இல்லை. ஆனால் எதைத் திரும்ப ஆடிப்பார்த்து மகிழ்வேன் என்று கேட்டால், பெர்லினை ஒதுக்கிவிட்டுப் பானின் ஐந்தாவது ஆட்டத்தைத்தான் எடுப்பேன். ராணி இல்லாத பலகையை நாலு மணி நேரம் பார்க்கும் பொறுமை எனக்கில்லை.

டிங்கின் பக்கமும் சொல்லியாக வேண்டும். 14 ஆட்டங்களில் ஒரு புள்ளிதான் எச்3-இன் விலை. கடைசியில் 7-7 சமநிலையாகி, குறைந்த நேரத்தில் ஆடும் ரேபிட் ஆட்டங்களில் அவரே சாம்பியனானார். ஆறாவது ஆட்டத்தில் அவர் எடுத்தது, கிளப் ஆட்டக்காரர்கள் ஆடினால் நண்பர்கள் கேலி செய்யும் லண்டன் அமைப்பு என்ற தொடக்கம். 44 நகர்வுகளில், நெப்போம்னியாச்சியின் ராஜாவைச் சுற்றி வலையைப் பின்னி முடித்தார்.