அல்கேசர் போகிறவர்கள் கவனத்திற்கு: ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்

ஸ்பெயினின் வடகிழக்கே, அரகோன் மாநிலத்தின் உவெஸ்கா மாவட்டத்தில், குவாரா மலைகளின் ஓரத்தில் இருக்கும் அல்கேசர் என்ற சிற்றூருக்குச் செல்லத் திட்டமிடுகிறவர்கள், அதிலும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வேரோ ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்க நினைப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இந்தப் பதிவை முழுவதும் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். சென்ற செப்டம்பரில் நாங்கள் நான்கு பேர் அங்கே 380 யூரோ கொடுத்து ஏமாந்தோம். பணம் போனதுகூட எனக்குப் பெரிதில்லை. என் பதினான்கு வயது மகளை, கொக்கி உடைந்த தலைக்கவசத்தோடு, இடி மின்னலுக்குச் சற்று முன்னால், ஒரு மலை இடுக்குக்குள் இறக்கிவிடப் பார்த்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

நாங்கள் பார்சிலோனாவில் வசிக்கிறோம். அங்கிருந்து அல்கேசர் காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். நான், என் மனைவி, மகள், ஊரிலிருந்து வந்திருந்த மைத்துனர் என நால்வருக்கும் சேர்த்து, இணையத்தில் பார்த்த ஒரு சுற்றுலா நிறுவனத்திடம் இரண்டு நாள் ஏற்பாட்டைப் பதிவு செய்தேன். பழைய கோட்டைத் தேவாலயம், ஆற்றின் மேல் பாறையோடு பொருத்தப்பட்ட நடைபாதை, அர்பான் பாறை ஓவியங்கள், வேரோ பள்ளத்தாக்கில் அரை நாள் கான்யனிங் (மலை இடுக்கு வழியே ஆற்றோடு இறங்கி வருவது) ஆகிய நான்கும் தலைக்கு 95 யூரோவில் அடக்கம், நுழைவுச்சீட்டுகளும் அதிலேயே சேர்த்தி என்று எழுத்தில் தந்திருந்தார்கள். முன்பணமாக 100 யூரோவைக் கார்டில் கட்டினேன். நிறுவனத்தின் மீது கொடுத்த புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் சந்திப்பதாகச் சொன்ன வழிகாட்டி பதினொன்றே காலுக்கு வந்தார். வந்ததும் முதல் வேலையாக, கார்டு இயந்திரம் பழுதாகிவிட்டது, மீதி 280 யூரோவை ரொக்கமாகத் தந்துவிடுங்கள் என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஊரில் இருந்த ஏ.டி.எம்.மில் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, மாலையில் மின்னஞ்சலில் வரும் என்றார். அது வரவே இல்லை.

அல்கேசர் என்ற பெயரே கோட்டை என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 9ஆம் நூற்றாண்டில் கலாஃப் இப்ன் ராஷித் என்ற முஸ்லிம் ஆட்சியாளர் இந்தப் பாறை உச்சியில் கோட்டை கட்டினார். 11ஆம் நூற்றாண்டில் அரகோன் மன்னர் சாஞ்சோ ரமீரெஸ் அதைக் கைப்பற்றினார். இன்று அந்த இடத்தில் நிற்பது 16ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட சாந்தா மரியா லா மயோர் தேவாலயம். அதற்கு முந்தைய தேவாலயத்தில் எஞ்சிய ரோமனெஸ்க் எனப்படும் இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியின் தூண் தலைகள் உள்முற்றத்தில் இன்றும் இருக்கின்றன. இதைப் பார்க்கத்தான் என் மனைவி அவ்வளவு ஆசைப்பட்டு வந்தாள். வழிகாட்டியோ ஊர்ச் சந்துகளில் எங்களைச் சுற்றி அழைத்துச் சென்று, மதிய இடைவேளைக்காகக் கதவை மூடுகிற நேரத்தில் அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். ஸ்பெயினின் சிற்றூர்களில் இத்தகைய இடங்கள் மதியம் மூடப்பட்டு மாலையில் திறக்கப்படுவது ஊரறிந்த வழக்கம். அங்கேயே தொழில் செய்கிறவருக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. எங்களுக்காக எந்தச் சீட்டும் வாங்கி வைக்கப்படவில்லை என்று வாயிலில் இருந்த பெண் சொன்னார். மாலையில் நாங்களே சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். விரல் நீளத்துக்குச் செதுக்கப்பட்ட விவிலிய மாந்தரின் முகங்கள் காற்றிலும் மழையிலும் தேய்ந்து, கண்ணும் மூக்கும் ஒன்றாகிப்போய், ஆனால் உடையின் மடிப்பு மட்டும் கூர்மையாக நிற்பதை மகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வழிகாட்டியே தேவைப்படவில்லை.

பாறை ஓவியங்களின் விஷயத்தில் நடந்தது இதைவிட வெளிப்படையான ஏமாற்று. ஐபீரிய தீபகற்பத்தின் மத்தியதரைக் கடல் பக்கத்தில் உள்ள 700க்கும் மேற்பட்ட பாறை ஓவிய இடங்களை யுனெஸ்கோ 1998இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வேரோ ஆற்றை ஒட்டியுள்ள குகைகளும் பாறை மறைவுகளும் அவற்றில் அடங்கும். கொலுங்கோ ஊரைத் தாண்டிச் செல்லும் சாலையிலிருந்து சற்றுக் கீழே இறங்கினால் அர்பான் பாறை மறைவு வருகிறது. ஓவியங்களைக் காப்பதற்காக அதைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். வேரோ ஆற்றுப் பண்பாட்டுப் பூங்காவின் வழிகாட்டிகள் குறிப்பிட்ட நேரங்களில் சாவியோடு வந்து திறந்து, எந்தக் கறை மான், எந்தக் கோடு வில் என்று சுட்டிக்காட்டி விளக்குவார்கள். அதற்கு முன்கூட்டியே இடம் பதிய வேண்டும். எங்களை அழைத்துச் சென்றவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பிக்கு வெளியே நிறுத்தி, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, உள்ளே இருப்பது இதுதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். கம்பிகளுக்கு நடுவே முகத்தைப் பதித்துப் பார்த்தும் செம்மண் நிறத்தில் ஒரு திட்டைத் தவிர வேறெதுவும் எங்கள் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

இதுவரை நடந்ததை மட்டும் வைத்து நான் பதிவு எழுதியிருக்க மாட்டேன். மதியத்துக்கு மேல் நடந்ததுதான் என்னை எழுத வைக்கிறது.

கான்யனிங் என்பது ஆறு குடைந்த குறுகலான மலை இடுக்குக்குள் இறங்கி, தண்ணீரோடு நடந்தும் நீந்தியும் கயிற்றில் இறங்கியும் கீழே வரை வருவது. குவாரா மலைகள் ஐரோப்பாவிலேயே இதற்குப் பெயர் போன இடம். வேரோவில் இறங்குகிறவர்களை லெசினா என்ற ஊருக்கு அருகே வண்டியில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கிருந்து ஆற்றோடு இறங்கி அல்கேசர் வந்து சேர வேண்டும். வழியில் மேலேயிருந்து சரிந்து விழுந்த பெரும்பாறைகளுக்கு அடியில் வெளிச்சமே நுழையாத பகுதிகள் உண்டு. அவற்றை அங்குள்ளவர்கள் ‘ஓஸ்குரோஸ்’, அதாவது இருட்டுகள், என்று அழைக்கிறார்கள். இடையில் நினைத்த இடத்தில் கரையேற முடியாது. இருபுறமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை என்பதால், மேலே எங்கோ பெய்கிற மழை முழுவதும் அந்த இடுக்குக்குள் வந்து குவியும். நாம் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழாமலே நீர்மட்டம் திடீரென்று உயரக்கூடும். கோடையின் பிற்பகுதியில் பிற்பகல் இடிமழை அங்கே சாதாரணம் என்பதால்தான், பொறுப்புள்ளவர்கள் காலையிலேயே இறங்கிவிடுகிறார்கள்.

எங்களை அவர் லெசினாவில் இறக்கிவிட்டபோது மணி இரண்டரை. வண்டியின் பின்புறம் இருந்த பெட்டியிலிருந்து குளிர்ந்த நீரில் இறங்க அணியும் நியோப்ரீன் ரப்பர் உடைகளை எடுத்துப் போட்டார். மகளுக்குக் கொடுத்த உடையின் முழங்கால் கிழிந்து, சாம்பல் நிற டேப் ஒட்டப்பட்டிருந்தது. அவளுடைய தலைக்கவசத்தில் தாடைப் பட்டையைப் பூட்டும் கொக்கி உடைந்து, அதற்குப் பதிலாக ஷூ நாடா ஒன்றால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். என் மைத்துனருக்குக் கொடுத்த ஹார்னஸில், அதாவது கயிற்றில் இறங்க இடுப்பில் கட்டும் பட்டையில், கயிற்றை மாட்டுகிற வளையத்துக்கு அருகே தையல் பிரிந்து, நூல் பஞ்சுபோல எழுந்து நின்றது. மைத்துனர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாக, “அத்தான், வடக்கே பாருங்கள்” என்றார். மலைக்கு மேலே வானம் கறுத்துத் திரண்டிருந்தது.

வானிலை அறிக்கை பார்த்தீர்களா என்று வழிகாட்டியிடம் கேட்டேன். இங்கே மழை இல்லையே என்றார். பள்ளத்தாக்கு வழிகாட்டிக்கான தொழில்முறைச் சான்றிதழைக் காட்டச் சொன்னபோது, அலுவலகத்தில் இருக்கிறது என்றார். அரகோனில் இத்தகைய சாகசச் சுற்றுலா நடத்தும் நிறுவனங்கள் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், விபத்துக் காப்பீடும் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டபோது அவர் குரலை உயர்த்திப் பேசத் தொடங்கினார். நாங்கள் இறங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் பணம் திரும்பக் கிடைக்காது என்றார். சரி, அல்கேசரில் எங்கள் கார் நிற்கிறது, அங்கே கொண்டுபோய் விடுங்கள் என்று கேட்டதற்கு, அது ஏற்பாட்டில் இல்லை என்று சொல்லி, உடைகளைப் பெட்டிக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு, எங்கள் நால்வரையும் அங்கேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

லெசினா சில வீடுகளே உள்ள ஊர். 2021இல் ஐரோப்பாவின் சிறந்த மரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பழம்பெரும் ஓக் மரம் ஒன்று அங்கே நிற்கிறது. அதைப் பார்க்க வந்திருந்த வயதான தம்பதியர் எங்கள் நிலையைக் கேட்டு, தங்கள் காரில் இரண்டு நடையாக எங்களை அல்கேசருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இரண்டாவது நடை முடிவதற்குள் இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. மறுநாள் காலை ஊரின் விளிம்பில் நின்று கீழே பார்த்தோம். முதல் நாள் பச்சைக் கண்ணாடிபோல அடிக்கல் தெரிய ஓடிக்கொண்டிருந்த வேரோ, தேநீர் நிறத்தில், மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. நடைபாதையை மூடிவிட்டிருந்தார்கள். என் மனைவி ஒன்றும் பேசாமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்த ஏற்பாட்டில் தனியாரிடம் வாங்க வேண்டியது கான்யனிங் ஒன்றுதான். தேவாலயத்துக்கு வாயிலிலேயே சீட்டு தருகிறார்கள். நடைபாதைக்கும் நீங்களே நேரடியாகச் சீட்டு எடுத்துக்கொள்ளலாம். அது சில யூரோதான். பாறை ஓவியங்களுக்குப் பண்பாட்டுப் பூங்காவிடமே நேரடியாகப் பதிந்துகொள்ளலாம். கான்யனிங்குக்கு மட்டும், பணம் கட்டும் முன்பே பதிவு எண், காப்பீடு, வழிகாட்டியின் சான்றிதழ் ஆகியவற்றின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தகராறு வந்தால் ‘ஓஹா தெ ரெக்லமாசியோனெஸ்’ எனப்படும் அரசுப் புகார்ப் படிவத்தைக் கேளுங்கள். வணிக நிறுவனங்கள் அதை வைத்திருக்கக் கடமைப்பட்டவை. ஆபத்து என்றால் 112ஐ அழையுங்கள்.

நாங்கள் படிவத்தோடு படங்களையும் இணைத்து அரகோன் அரசின் நுகர்வோர் துறைக்கு அனுப்பினோம். கார்டில் கட்டிய 100 யூரோவை வங்கி மூலம் முறையிட்டு ஆறு வாரத்தில் திரும்பப் பெற்றுவிட்டேன். ரொக்கமாகக் கொடுத்த 280 யூரோவை வாங்கவே இல்லை என்று நிறுவனம் எழுத்தில் மறுத்திருக்கிறது. ஏ.டி.எம். சீட்டு என்னிடம் இருக்கிறது. அதில் நான் பணம் எடுத்ததுதான் தெரியும், யாரிடம் கொடுத்தேன் என்பது தெரியாது.

மகளுக்கு வேரோவில் இறங்கும் ஆசை போகவில்லை. வரும் ஜூன் மாதத்துக்கு வேறொரு வழிகாட்டியிடம் பேசியிருக்கிறோம். நாங்கள் கேட்பதற்கு முன்பாகவே அவர் சான்றிதழையும் காப்பீட்டு நகலையும் அனுப்பி, காலை ஒன்பது மணிக்குள் தண்ணீரில் இருக்க வேண்டும் என்றும், இடிமழை எச்சரிக்கை வந்தால் கட்டணம் எதுவும் இல்லாமல் தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறார்.