அம்பாசடர் ஸ்டியரிங் ஆட்டம்: டை ராடு எண்டு மாற்றி மூன்று வருடம்

எங்களுடையது 1986 மார்க் 4. அறுபதைத் தாண்டினால் வண்டி தன் இஷ்டத்துக்கு அலையும். ஸ்டியரிங்கை மூன்று விரல் அகலம் திருப்பிய பிறகுதான் சக்கரம் அசையும். திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். "அம்பாசடர்னா அப்படித்தான்" என்றார்கள், நானும் ரொம்ப நாள் நம்பினேன். உண்மையில் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த இந்த வண்டிக்கு ஆரம்பத்திலிருந்தே ரேக் அண்ட் பினியன்தான்: ஸ்டியரிங் தண்டின் முனையிலுள்ள சிறு பல்சக்கரம் (பினியன்), பல் வெட்டிய நீளக் கம்பியை (ரேக்) இடமும் வலமும் தள்ளும். மூட்டுகள் குறைவு, இவ்வளவு ஆட்டம் வரக் கூடாது.

முதலில் போன பட்டறையில் ரேக்கைப் பினியனோடு அழுத்திப் பிடிக்கும் டாம்பரின் மூடிக்கு அடியில் இருந்த ஷிம்மை (மெல்லிய தகடு) உருவிவிட்டு இறுக்கிக் கொடுத்தார்கள். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் யூ-டர்ன் எடுத்தால் ஸ்டியரிங் தானாகத் திரும்பாமல் கல் மாதிரி நின்றது. காரணம் பிறகுதான் புரிந்தது. வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது? ரேக்கின் பல் நடுவில்தான் தேயும், ஓரங்களில் புதிதாகவே இருக்கும். நடுவுக்கு ஏற்ப இறுக்கினால் ஓரத்தில் பிடிக்கும்.

அடுத்துப் பார்த்த மெக்கானிக் அண்ணன் பழைய ஆள். என்னை உட்கார வைத்து ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டச் சொன்னார். அவர் கீழே படுத்து டை ராடு எண்டின் மேல், அதாவது ரேக்கிலிருந்து வரும் கம்பி சக்கரப் பக்கம் சேரும் உருண்டை மூட்டின் மேல், கையை வைத்தார். "தம்பி, ரேக்கு நல்லாத்தான் இருக்கு. எண்டுதான் செத்துப் போச்சு." நானும் குனிந்து தொட்டுப் பார்த்தேன். விரலுக்கடியில் 'டக் டக்' என்று துள்ளியது. மூட்டை மூடியிருந்த ரப்பர் உறை (பூட்) கிழிந்து, உள்ளே கிரீஸுக்குப் பதில் செம்மண்.

கழற்றும்போது எண்டை அடிக்கவில்லை. எண்டு மாட்டியிருக்கும் ஸ்டியரிங் ஆர்மின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக்கொடுத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஒரே போடு. ஆர்மில் இறுகியிருந்த எண்டின் கூம்பு முனை (டேப்பர்) விட்டுக்கொண்டது. பழைய எண்டு எத்தனை சுற்றில் கழன்றதோ, புதியதையும் அத்தனை சுற்று ஏற்றினார். பட்டறையிலிருந்து சக்கர அலைன்மெண்ட் பார்க்கும் கடை வரை ஓட்டிப் போக அது போதும். அலைன்மெண்ட் பார்க்காமல் விட்டால் டயர் காலி.

சரி, இங்கேதான் நான் ஏமாந்தேன். மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு கடையில் வாங்கிய ஜோடி நாலே மாதத்தில் ஆட ஆரம்பித்தது. சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் தேடி ரானே வாங்கி மாட்டினேன். 1960லிருந்து இதே பாகத்தைச் செய்கிற சென்னைக் கம்பெனி. கூடவே ரேக் பூட் இரண்டையும் மாற்றி, உருவிய ஷிம்மையும் திரும்பப் போட்டோம்.

அதற்கப்புறம் சுமார் 20,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. எண்டுகளில் துளி ஆட்டம் இல்லை. இடது பூட் மட்டும் போன மழைக்காலத்தில் வெடிப்பு விட்டது, உடனே மாற்றிவிட்டேன். நேராகப் போகும்போது ஸ்டியரிங்கில் அரை விரல் ஆட்டம் இன்னும் இருக்கிறது. அது ரேக்கின் நடுப் பல்லுடையது. அதை இறுக்குவதாக இல்லை.