மஞ்சள் காருக்கு மெழுகா, சீலன்ட்டா?

என் கார் மினுமினுப்புத் துகள் எதுவும் கலக்காத, பளிச்சென்ற மஞ்சள் நிறம். சென்னையில் கடற்கரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு தெருவில், வீட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில்தான் அது இரவும் பகலும் நிற்கிறது. பெயின்ட்டைக் காக்கவும் பளபளப்பாக்கவும் பூசப்படும் கார்னோபா மெழுகு, செயற்கைச் சீலன்ட் இரண்டையும் மூன்று ஆண்டுகளாக மாறி மாறிப் பூசிப் பார்த்த பிறகு, இப்படி வெளியில் நிற்கும் மஞ்சள் காருக்குச் சீலன்ட்டே அடிப்படைப் பூச்சாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். மெழுகுக்கும் இடம் உண்டு. ஆனால் அது பலர் நினைக்கும் இடம் அல்ல.

கார்னோபா என்பது பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையிலிருந்து கிடைக்கும் மெழுகு. கடும் வறட்சியில் ஈரம் வெளியேறாமல் தடுக்க அந்த மரம் தன் ஓலைமேல் தானே பூசிக்கொள்ளும் இந்த மெழுகை, ஓலையை வெட்டி வெயிலில் உலர்த்தித் தட்டி உதிர்த்து எடுக்கிறார்கள். ஏறத்தாழ 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும் அது தனியாகப் பூசவே முடியாத அளவுக்குக் கட்டியானது என்பதால், டப்பாவில் வரும்போது கரைப்பான்களும் எண்ணெய்களும் வேறு மென்மையான மெழுகுகளும் சேர்ந்தே வரும். ஆகவே டப்பாவின்மேல் ‘நூறு சதவீதம் கார்னோபா’ என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருப்பது முழுக்கக் கார்னோபாவாக இருக்க முடியாது. சீலன்ட் முற்றிலும் ஆய்வுக்கூடத்தில் உருவானது. அதிலுள்ள பாலிமர்களும் சிலிக்கோன் சேர்மங்களும் பெயின்ட்டின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு ஒரு மெல்லிய படலமாக இறுகுகின்றன, அதற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். பெயரை மட்டும் பார்த்து வாங்குவதும் சரியல்ல: மெகுயர்ஸ் நிறுவனத்தின் அல்டிமேட் வேக்ஸ் பெயரளவில் மெழுகு என்றாலும், தன்மையில் செயற்கைப் பூச்சுதான்.

மெழுகுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதன்மையான வாதம், அது நிறத்துக்கு ஓர் ஆழத்தைத் தருகிறது என்பது. கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு ஆகிய நிறங்களில் இது உண்மை. அங்கே மெழுகிலுள்ள எண்ணெய் நுண்ணிய கீறல்களை நிரப்பி, அவற்றில் பட்டுச் சிதறும் வெளிச்சத்தைக் குறைப்பதால் கறுப்பு இன்னும் கறுப்பாகத் தெரிகிறது. மஞ்சளோ தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தானே திருப்பி அனுப்பும் நிறம். கீறலில் சிதறும் சிறிதளவு வெளிச்சம் அந்தப் பிரகாசத்தில் கரைந்துவிடுகிறது. மெழுகு எதை மறைக்க வருகிறதோ, அது மஞ்சள் காரில் ஏற்கெனவே கண்ணில் படுவதில்லை.

இதைச் சோதிக்க, பானட்டின் நடுவில் மேலிருந்து கீழாக மாஸ்கிங் டேப் ஒட்டி, இடப்பக்கம் கார்னோபா பேஸ்ட்டும் வலப்பக்கம் சீலன்ட்டும் பூசினேன். மறுநாள் டேப்பை உரித்தபின் நிழலில் வைத்துப் பார்த்தபோது, எது எந்தப் பக்கம் என்று பூசிய எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் மட்டும் வேப்பங்கிளையின் பிம்பம் வலப்பக்கத்தில் இலை இலையாகக் கூர்மையாகவும், இடப்பக்கத்தில் ஓரங்கள் சற்றே மென்மையாகவும் தெரிந்தன. மஞ்சளுக்கு அந்தக் கூர்மையே அழகு என்பது என் ரசனை. மென்மையை விரும்புகிறவர்களுடன் எனக்கு வழக்கு இல்லை.

ஆறாவது வாரத்தில் வேறுபாட்டைச் சொல்ல யாருடைய ரசனையும் தேவைப்படவில்லை. மே மாத வெயிலில் நின்ற பானட்டில் கை வைக்க முடியாது. கார்னோபா அந்தச் சூட்டில் உருகாவிட்டாலும், அதனுடன் கலந்த எண்ணெயும் மென்மையான மெழுகுகளும் இளகுகின்றன. இளகிய பரப்பில் தெருப்புழுதி வந்து படிகிறது. இடப்பக்கத்தில் தண்ணீர் ஊற்றியபோது அது முத்துகளாகத் திரளாமல் தட்டையாகப் பரவி நின்றது. வலப்பக்கம் நான்காம் மாத இறுதி வரை நீர் திரண்டு உருண்டது. கொட்டகையில் நிற்கும் காரில் மெழுகு இதைவிடக் கூடுதலாகவே தாங்கும். தெருவில் நிற்கும் காரில் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசத் தயாராக இருக்க வேண்டும்.

மஞ்சளில் கீறல் தெரியாது, ஆனால் கறை தெரியும். இந்த நிறத்துக்கான பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத்துகள் துருப்பிடித்துச் செம்புள்ளிகளாகவும், தார் கரும்புள்ளிகளாகவும், பக்கவாட்டுக் கண்ணாடிக்குக் கீழே வழியும் அழுக்கு நீர் கறுப்புக் கோடாகவும் இந்தப் பின்னணியில் பளிச்சென்று நிற்கும். பூச்சிகளும் ஒரு காரணம். வெள்ளை ஈயையும் அசுவினியையும் பிடிக்க உழவர்கள் வயலில் மஞ்சள் ஒட்டுப்பொறியைத் தொங்கவிடுவது அந்த நிறம் அவற்றை ஈர்ப்பதால்தான். தஞ்சாவூர்ப் பக்கம் வயலோரமாக ஒரு மாலை முழுவதும் காரை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தபோது, கதவு முழுவதும் எள் தூவியதைப் போலச் சிறு பூச்சிகள் ஒட்டியிருந்தன. சீலன்ட் பூசிய கதவில் ஈரத்துணியை ஒரு நிமிடம் ஒற்றி வைத்து எடுத்ததும் அவை தேய்க்காமலேயே வந்துவிட்டன. பறவை எச்சத்துக்கும் இதே முறைதான். ஆனால் எந்தப் பூச்சும் எச்சத்தை நாட்கணக்கில் தாங்காது என்பதால் பார்த்த அன்றே எடுத்துவிட வேண்டும்.

சீலன்ட்டுக்கும் ஒரு குறை உண்டு. நீர் நன்றாக முத்துமுத்தாகத் திரளும் பரப்பில் போர்த் தண்ணீரைத் துடைக்காமல் விட்டால், ஒவ்வொரு முத்தும் காய்ந்து தன் அளவுக்கு ஓர் உப்பு வளையத்தை விட்டுச் செல்கிறது. வெளிறிய அந்த வளையம் மற்றக் கறைகளைப் போல மஞ்சளில் உடனே தெரியாததால் நாளடைவில் அழுந்திப் படிந்துவிடும் அபாயம் கறுப்புக் காரைவிட அதிகம். கழுவியவுடன் மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுப்பதைத் தவிர இதற்கு வழியில்லை. செராமிக் ஸ்பிரேக்கள் இக்குறையில் சீலன்ட்டை ஒத்தவை. தெளித்துத் துடைக்கும் எளிமைதான் அவற்றின் பலம் என்பதால், சீலன்ட்டின் ஆயுளை நீட்டிக்க இடையிடையே பயன்படுத்துவதற்கு நல்லவை.

மெழுகுக்கே முதலிடம் தர வேண்டிய மஞ்சள் வண்டிகளும் இருக்கின்றன. மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற காப்புப் படலம் இல்லாத பழைய பெயின்ட்டில் வெளியே தெரிவது நிறமிப் படலமேதான். வெயிலில் வறண்டு வெளிறும் அந்தப் பரப்பை எண்ணெய் கலந்த மெழுகு கண்கூடாக மீட்டெடுக்கிறது. எந்த வகை என்று அறிய, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் எடுத்துத் தேய்த்துப் பார்க்கலாம்: துணியில் மஞ்சள் ஏறினால் கிளியர் கோட் இல்லை. முத்துப்பளபளப்புக் கொண்ட மஞ்சள் பெயின்ட்டிலும் மெழுகின் மென்மை சற்றுக் கூடுதலாகவே எடுபடும்.

இரண்டும் வேண்டும் என்பவர்கள் வரிசையை மாற்றக் கூடாது. காரைக் கழுவி, இரும்புத்துகள் நீக்கியைத் தெளித்து ஊதா நிறமாக வழிவதை நன்றாக அலசி, ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பாரால் பரப்பை வழுவழுப்பாக்கிய பிறகு, வெறும் பெயின்ட்டின்மேல் சீலன்ட்டை மெல்லியதாகப் பூச வேண்டும். ஒரு நாள் கழித்து அதன்மேல் கார்னோபா பூசலாம். மெழுகின்மேல் சீலன்ட் பூசினால் அது பெயின்ட்டைப் பற்றாமல் மெழுகோடு சேர்ந்தே போய்விடும். எதைப் பூசினாலும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளின்மேல் முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுங்கள்: மஞ்சளை ஒட்டிய அந்தக் கறுப்பில் காய்ந்த வெள்ளைத் தடம் இரண்டு தெரு தள்ளி நின்றாலும் தெரியும், பழைய பல் துலக்கியால் தேய்த்தாலும் எளிதில் போகாது.