முதல் கார்பன் கத்தி: ஓப்பினெலா, ஹிகோனோகாமியா, டூக்-டூக்கா?

இருபது வயதில் கார்பன் ஸ்டீல் மடக்குக் கத்தி மேல் பித்துப் பிடித்தவர்கள் படங்களில் எதையெதையோ பார்த்து மயங்குவார்கள். கையில் காசை வைத்துக்கொண்டு யோசிக்கும்போது மூன்று பெயர்களுக்குள் வந்து நிற்பார்கள். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசஃப் ஓப்பினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி ஒன்று. ஜப்பானின் ஹியோகோ மாநிலத்து மிகி நகரில், மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) பிறந்த ஹிகோனோகாமி இன்னொன்று. மூன்றாவது, பிரான்சின் கத்திப் பட்டறை ஊரான தியேரில் 1929 முதல் கோனியே பட்டறையில் உருவாகும் டூக்-டூக். மூன்றுமே உழைப்பதற்கென்று மலிவாகச் செய்யப்பட்டவை.

நான் எடுத்தது ஓப்பினெல் 8-ஆம் எண் (எண் என்பது அளவைக் குறிப்பது), கார்பன் அலகு, அதாவது வெட்டும் தகடு. ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வெட்டும் திறனில் மூன்றுக்கும் குறை சொல்ல எதுவும் இல்லை. பழம், கயிறு, அட்டைப்பெட்டி, பென்சில் எதுவானாலும் வேலை நடக்கும். தோற்றம் அவரவர் ரசனை. எடையில் ஓப்பினெல் பையில் இருப்பதே தெரியாது, தகட்டுப் பிடி போட்ட மற்ற இரண்டும் கனம் காட்டும். இவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

முதல் கத்தி வாங்கும் எல்லாரும் கேட்பது “துருப் பிடிக்குமா?” என்பதுதான். பிடிக்கும். ஆனால் அலகில் வரும் துரு கண்ணில் படும், துடைத்துவிடலாம். அலகு பிடிக்குள் நுழைந்து ஆணியில் சுழலும் இடம் இருக்கிறதே, அந்த மூட்டுதான் மடக்குக் கத்தியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. மாம்பழம் நறுக்கினால் சாறு முதலில் வழிந்து இறங்குவது அங்கேதான். துணி அங்கே எட்டாது. கழுவி மடக்கி வைத்துவிட்டால் ஈரம் நாள்கணக்கில் உள்ளேயே நிற்கும். எனவே மூன்று கத்திகளையும் இந்த மூட்டின் தரத்தை வைத்தே எடைபோடுகிறேன்.

ஓப்பினெலின் மூட்டு மரத்தாலானது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பீச் மரக்கட்டையைக் கடைந்து, ரம்பத்தால் ஒரு பிளவு போட்டு, முனையில் எஃகுப் பூண் மாட்டி, குறுக்கே ஓர் ஆணி அடித்திருப்பார்கள். அந்தப் பூணின் மேல் திருகும் இன்னொரு வளையம், விரித்த அலகு மடங்காமல் நிறுத்த 1955-இல் மார்செல் ஓப்பினெல் சேர்த்த விரோபிளாக் பூட்டு. 2000-க்குப் பிறகு வந்தவற்றில் மடக்கிய நிலையிலும் பூட்டலாம். அலகின் அடிப்பாகத்தை இரு பக்கமும் அணைத்துப் பிடிப்பது மரம். ஈரம் பட்டால் மரம் உப்பும், அலகை இறுக்கும், நகத்தால் இழுத்தாலும் வராது. ஓப்பினெலைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றுதான். பிடியைக் கெட்டியான பரப்பில் தட்டி அலகை எழுப்பும் பழக்கம் சவோய் மக்களிடம் உண்டு, ‘சவோய்க்காரர் தட்டு’ என்றே அதற்குப் பெயர். கத்தி பிறந்த ஊரிலேயே இந்தக் கோளாறு இருந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் இந்தக் கோளாறுக்கு வீட்டிலேயே மருந்து இருக்கிறது. எப்படியாவது அலகை வெளியே எடுத்து, திறந்த நிலையில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் பிடி வெடிக்கும். காய்ந்த பிறகும் இறுக்கமாக இருந்தால் மட்டும் அடுத்த வேலை. 150-ஆம் எண் உப்புத்தாளைப் பழைய விசிட்டிங் கார்டில் மடித்துச் சுற்றி, பிளவின் இரு சுவர்களையும் பூணுக்குப் பக்கத்தில் பத்துப் பத்துத் தடவை தேயுங்கள், மடக்கிப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னும் பத்து. இங்கே எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: அடைமழைக் காலத்தில், மரம் உப்பியிருக்கும்போதே தேய்ப்பது. கார்த்திகையில் சரியாக இருந்த கத்தி சித்திரையில் ஆட ஆரம்பித்துவிடும், தேய்த்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் இருப்பவர்கள் கோடைவரை பொறுப்பது நல்லது.

தேய்த்து முடித்ததும் மரத்துக்குக் கொழுப்பு ஊட்ட வேண்டும். வாஸ்லினைப் பிளவுக்குள்ளும் பூணின் ஓரத்திலும் தாராளமாக அப்பி, ஹேர் டிரையர் சூட்டைக் காட்டினால் உருகி உள்ளே இறங்கும். மரம் குடிப்பதை நிறுத்தும்வரை இரண்டு மூன்று சுற்று. பிறகு மிச்சத்தைத் துடைத்து, அலகை இருபது முப்பது தடவை திறந்து மடக்குங்கள். ஆளிவிதை எண்ணெயில் ஊறவைப்பவர்களும் உண்டு. அது மரத்துக்குள் இறுகிப் போகும் எண்ணெய் என்பதால் காயும் நாட்களில் அலகை அடிக்கடி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு ஒட்டிக்கொள்ளும். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடவே கூடாது, தானே சூடேறித் தீப்பிடிக்கும். முதல் முறை செய்பவருக்கு வாஸ்லின் போதும்.

வளையம் இறுகினால் ஒரு சொட்டு எண்ணெய். தளர்ந்து தானாகச் சுழல ஆரம்பித்தால், சர்க்லிப் பிளையரால் விரித்துக் கழற்றி, சற்றே நெருக்கி மறுபடி மாட்டலாம். ஒவ்வொரு பாகத்திலும் கைவைக்க முடிகிறது, இதுதான் என்னை ஓப்பினெல் பக்கம் இழுப்பது.

ஹிகோனோகாமியின் மூட்டு இதைவிட எளிது. மடித்த தகட்டுப் பிடி, ஓர் அலகு, ஒரு ரிவெட், அவ்வளவுதான். ஸ்பிரிங்கும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ‘சிகிரி’ என்ற வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் அலகு நிற்கும். விரலைத் தளர்த்திவிட்டு நுனியால் குத்தினால் மடங்கி விரலில் விழும். ரிவெட் நாளடைவில் தளரும். கெட்டியான இரும்பின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் மெல்ல இரண்டு மூன்று தட்டு தட்டினால் இறுகும். ஓங்கி ஒரே அடி அடித்தவர்கள் கத்தியைத் திறக்க முடியாமல் திண்டாடுவார்கள்.

அதன் நுட்பமான பிரச்சினை பித்தளைப் பிடியில் இருக்கிறது. பித்தளையும் எஃகும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் எஃகுதான் சீக்கிரம் அரிக்கப்படும். பழம் வெட்டிவிட்டுத் துடைக்காமல் மடக்கிய ஹிகோவில் பிடியைத் தொடும் இடத்தில் புள்ளிப் புள்ளியாகத் துரு வருவது இதனால்தான். பிடியின் அடிப்பக்கம் திறந்திருப்பதால் துணியைச் சுருட்டி விட்டுத் துடைத்துவிடலாம், எண்ணெயும் இலகுவாக இறங்கும். பராமரிப்பில் ஹிகோ ஓப்பினெலுக்குச் சளைத்ததல்ல. சமையலறை வேலைக்குத்தான் நான் அதை இரண்டாவதாக வைக்கிறேன்.

பள்ளிப்பிள்ளைகள் பென்சில் சீவுவதற்கென்று ஜப்பான் முழுக்கப் புழங்கிய கத்தி அது. 1960-இல் அசானுமா இனெஜிரோ என்ற அரசியல் தலைவர் மேடையிலேயே குத்திக் கொல்லப்பட்ட பிறகு, பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் பரவியது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று அந்தப் பெயரை முறைப்படி பொறிப்பது மிகியின் நாகாவோ கானேகோமா பட்டறை மட்டுமே. பழமை மேல் ஆசைப்படும் இளைஞருக்கு இந்த ஒரு காரணமே போதுமாக இருக்கலாம். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

டூக்-டூக்கை நீண்டகால உழைப்பை வைத்து நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, அமைப்பை மட்டும் பார்க்கலாம். பசிபிக் தீவுகளில் விற்பதற்காக உருவானது; பிடியில் மெலனீசிய ஆவி ஒன்றின் உருவம் பொறித்திருக்கும். மடித்த எஃகுத் தகட்டுப் பிடிக்குள் முரட்டு ஸ்பிரிங். பூட்டு கிடையாது, அந்த ஸ்பிரிங்கின் விறைப்புதான் அலகை நிறுத்துகிறது. புதுக்கத்தியைத் திறப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும்போல் இருக்கும். ஸ்பிரிங்கும் தகடும் ஒட்டிய இடுக்கில் புகுந்த தண்ணீரைத் துணியால் எட்ட முடியாது. கழுவினால் வேகமாக உதறி, திறந்து வைத்துக் காயவிட்டு, இரு பக்கமும் எண்ணெய் விட வேண்டும். மூன்றில் மூட்டுப் பராமரிப்பு கடினமானது இதுதான். கரடுமுரடான வெளி வேலைக்குத் தாங்கும். உணவு நறுக்க நான் எடுக்க மாட்டேன்.

தீட்டுவதில் வித்தியாசம் சுவாரசியமானது. ஓப்பினெலின் கார்பன் அலகு XC90 என்ற எஃகு, சுமார் 0.90 சதவீதக் கார்பன். முதுகிலேயே 2 மி.மீ. பருமன்கூட இல்லாத மெல்லிய அலகு. 1000-ஆம் எண் சாணைக்கல்லில் முதுகை 5 மி.மீ. தூக்கிப் பிடித்தால், அகலம் ஏறத்தாழ 2 செ.மீ. என்பதால், கோணம் 15 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். பக்கத்துக்குப் பதினைந்து இழுப்பில் எதிர்ப்பக்கம் பிசிறு எழும்பும். நகத்தைக் கூரின் குறுக்கே வெளிப்புறமாக இழுத்தால் தட்டுப்படும். பிசிறு நுனியிலிருந்து அடிவரை சீராக வந்த பிறகே பக்கம் மாற்ற வேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கிப் பத்து இழுப்பு இழுத்தால் பிசிறு போய்விடும். தக்காளித் தோல் அழுத்தாமலே கிழியும்.

ஹிகோவின் நல்ல ரகங்களில் நடுவில் ‘ஆவோகாமி’ எனும் நீலத்தாள் எஃகு, இரு பக்கமும் மென் இரும்பு. அகலமான சரிவு அப்படியே கல்லில் படியும், எனவே கோணத்தைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. புதியவருக்கு அது பெரிய வசதி. ஆனால் நடு எஃகு கடினமானது, நேரம் எடுக்கும். கூர் அதிக நாள் நிற்கும், பக்கவாட்டில் நெம்பினால் சில்லு பெயரும். கொட்டாங்குச்சியைச் சுரண்ட அதை எடுக்காதீர்கள். சில்லு போன ஹிகோவைச் சரிசெய்ய அரைமணி நேரம் கல்லோடு மல்லுக்கட்ட வேண்டும். வாய் மடங்கிய ஓப்பினெலுக்கு ஐந்து நிமிடம்.

இனி அலகின் துரு. செந்துரு வேறு, கறுப்புப் படலம் வேறு. வெங்காயம், மாங்காய், எலுமிச்சை பட்டால் புது அலகு முதலில் நீலமும் சாம்பலுமாக மாறி, பிறகு கருக்கும். பழைய இரும்பு அரிவாள்மனை இருந்த வீட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. வாழைக்காயின் துவர்ப்புப் பட்டு இரும்பு கறுப்பதைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கருமை ஓரளவு கவசம், செந்துருவைத் தாமதப்படுத்தும். முதல் சில வாரம் நறுக்கிய பழத்தில் இரும்பு வாடை அடிக்கும், படலம் பிடித்ததும் குறையும். பொறுமை இல்லாதவர்கள் அலகைச் சோப்பால் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, சூடான வினிகரில் கடும் பிளாக் டீ கலந்து, அலகை மட்டும் இருபது நிமிடம் அமிழ்த்தி எடுக்கலாம். மூட்டு நனையக் கூடாது. எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசித் துடைத்து எண்ணெய் பூசுங்கள். சோப்பால் சரியாகக் கழுவாவிட்டால் விரல் ரேகை அப்படியே அச்சாகத் தங்கிவிடும்.

எண்ணெய்க்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும். நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் மாதக்கணக்கில் நின்றால் பிசினாகி மூட்டை அடைக்கும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு மோசமில்லை, குளிரில் உறைவதுதான் தொல்லை. தையல் மெஷின் எண்ணெய் மூட்டுக்கு அருமை, உணவு படும் அலகுக்கு வேண்டாம்.

இதெல்லாம் முடியாது என்பவர்களுக்கு அதே ஓப்பினெலில் ஸ்டெயின்லெஸ் அலகும் உண்டு. குரோமியம் 13 சதவீதத்துக்கு மேல், துரு பற்றிய கவலை ஏறக்குறைய போய்விடும். ஆனால் பிடி அதே பீச் மரம்தான், அதே உப்பல்தான். துருவுக்குப் பயந்து ஸ்டெயின்லெஸ் வாங்கியவரும் உப்புத்தாளோடு உட்காரத்தான் வேண்டும். அப்படியிருக்க, கல்லுக்கு இன்னும் சீக்கிரம் வசப்படும் கார்பனை ஏன் விடுவது என்பது என் கேள்வி.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று. பிரிட்டனில் காரணம் சொல்லாமல் கையில் வைத்துக்கொள்ளக்கூடியது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தி மட்டுமே. பூட்டு வளையம் 6-ஆம் எண்ணிலிருந்து தொடங்குவதால் அங்கே 8-ஆம் எண்ணைப் பையில் போட்டுத் திரிய முடியாது. வளையம் இல்லாத 5-ஆம் எண்ணில் அலகு 6 செ.மீ.தான், அது பொருந்தும். விமானத்தில் கைப்பையில் கத்தி கொண்டுபோகப் பல நாடுகளில் விடமாட்டார்கள்.

அளவைப் பொறுத்தவரை 8.5 செ.மீ. அலகுள்ள 8-ஆம் எண் பெரும்பாலான கைகளுக்குச் சரி, சின்னக் கைக்கு 7 செ.மீ. அலகுள்ள 6. கடையில் எடுத்துப் பார்க்க வாய்த்தால், மடக்கிய நிலையில் அலகு பிளவின் நடுவில் நிற்கிறதா, ஒரு சுவரில் உரசுகிறதா என்று மேலிருந்து பாருங்கள். திறந்து வளையத்தைப் பூட்டி, நுனியைப் பிடித்து மெல்ல இடம் வலமாக அசைத்தும் பாருங்கள். கொஞ்சம் இறுக்கமாக இருப்பதைத் தாராளமாக வாங்கலாம், ஆடுவதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.